முதல் நூறு மைக்ரான்: கருவிழி மங்கலும் லேசர் சிகிச்சையும்

“லேசர் போட்டா இந்தப் பூ போயிடுமா, டாக்டர்?”

கருவிழிப் பிரிவில் பணியாற்றும் எந்தக் கண் மருத்துவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு வாரத்தைக் கழித்திருக்க முடியாது. கேட்பவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பெண் லேசர் செய்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோயால் கெட்ட விழித்திரைக்கு லேசர் வைத்தார்கள். அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து இரண்டு வருடம் கழித்துப் பார்வை மங்கியபோது ஐந்து நிமிட லேசரில் சரியானது. இவ்வளவும் நடக்கும்போது, கருவிழியில் வெள்ளையாகத் தெரியும் ஒரு தழும்பை மட்டும் லேசரால் எடுக்க முடியாதா என்று தோன்றுவது இயல்பு.

எடுக்க முடியும், சிலருக்கு. அந்தச் சிலர் யார் என்பதைத் தீர்மானிப்பது மங்கல் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்பதோ, எத்தனை வருடம் பழையது என்பதோ அல்ல. அது கருவிழிக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கணக்கு. இந்த ஒரு விஷயம் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் புரியும்படி சொல்லப்படாததால் வீணாகும் பணமும் நம்பிக்கையும் அதிகம் என்பது என் எண்ணம். ஆகவே கருவிழி மங்கலுக்கான லேசர் பற்றி இன்று தெரிந்ததை ஆழத்தின் வழியாகவே பார்க்கலாம்.

கண்ணின் முன்பக்கத்தில் உள்ள தெளிவான சன்னல்தான் கருவிழி. கறுப்பாகத் தெரிவது அதன் பின்னால் இருக்கும் திரையின் நிறம்; கருவிழிக்கென்று நிறம் எதுவும் கிடையாது. அதன் நடுப்பகுதி சுமார் 540 மைக்ரான் தடிமன், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வெளியே ஏறக்குறைய 50 மைக்ரான் தடிமனில் மேற்படலம் இருக்கிறது. உரிந்தால் ஒரு சில நாட்களில் தானாக வளர்ந்துவிடும். அதன் கீழே பௌமன் அடுக்கு, 10 மைக்ரானை ஒட்டிய தடிமன். ஒருமுறை அழிந்தால் திரும்ப வளராது. பிறகு கருவிழியின் பத்தில் ஒன்பது பங்காக விளங்கும் நடுப்படலம். அதற்கும் பின்னால் டெஸ்மெட் சவ்வு. கடைசியாக ஒற்றை வரிசைச் செல்களால் ஆன உட்படலம்.

இத்தனை அடுக்குகள் இருந்தும் அது தெளிவாக இருப்பது எப்படி? நடுப்படலம் கொலாஜன் இழைகளால் ஆனது. அதே கொலாஜன்தான் கண்ணின் வெண்பகுதியிலும் இருக்கிறது. அங்கே அது பால்வெள்ளை. கருவிழியில் மட்டும் இழைகள் 30 நானோமீட்டர் அளவில் ஏறக்குறைய ஒரே பருமனாக, ஒரே இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒழுங்கால் பக்கவாட்டில் சிதறும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நேரே செல்லும் ஒளி மட்டும் மிஞ்சுகிறது. 1957-இல் டேவிட் மாரிஸ் முன்வைத்த இந்த விளக்கம் பின்னர் திருத்தங்களைச் சந்தித்தாலும் அடிப்படையில் நிற்கிறது. இந்த ஒழுங்கு குலையாமல் இருக்க நடுப்படலத்தில் நீர் ஏறக்கூடாது. அதை இரவும் பகலும் வெளியேற்றுவது உட்படலச் செல்களின் வேலை.

எனவே கருவிழி பல வழிகளில் மங்கலாம். மேலே புண் ஆறித் தழும்பு விழலாம். நடுவில் மரபுக் கோளாறால் ஏதேனும் பொருள் படியலாம். பின்னால் உட்படலச் செல்கள் இறந்து நீர் ஏறி, கருவிழி முழுவதும் வீங்கிப் பனி மூடியதுபோல் ஆகலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே ‘கண்ணில் பூ’. ஸ்லிட் லேம்ப் வெளிச்சத்தில் பார்க்கும் மருத்துவருக்கு அவை வெவ்வேறு ஆழத்தில் இருக்கும் வெவ்வேறு நோய்கள்.

இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்புக்குக் கண்புரை 66.2 சதவீதம் காரணமாக இருந்தது. கருவிழி நோய்களின் பங்கு 8.2 சதவீதம். ஐம்பது வயதுக்குக் கீழே வந்தால் படம் தலைகீழாகிறது. அங்கே கருவிழி மங்கல்தான் முதல் காரணம், பங்கு 37.5 சதவீதம். கண்புரை வருவது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த வயதில். கருவிழி மங்கலோ பள்ளிக்கூடத்திலும் வயலிலும் பட்டறையிலும் இருப்பவர்களைப் பிடிக்கிறது. இதை வெறும் புள்ளிவிவரமாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

லேசருக்கு வருவோம். கருவிழி மேல் வேலை செய்யும் எக்ஸைமர் லேசர் 1970-இல் மாஸ்கோவின் லெபடேவ் நிறுவனத்தில் பாசோவின் குழுவால் முதன்முதலில் உருவாக்கப்பட்டது. அது செனானில் இயங்கியது. கண்ணுக்குப் பயன்படுவது ஆர்கான் ஃப்ளோரைடு வாயுவில் பிறக்கும் 193 நானோமீட்டர் புறஊதாக் கதிர். அதை உயிருள்ள திசுவில் பயன்படுத்தலாம் என்று கண்டவர்களில் முக்கியமானவர் சென்னைக்காரர். மதராஸ் பல்கலைக்கழகத்தில் 1949-இல் இளநிலையும் 1950-இல் முதுநிலையும் முடித்து அமெரிக்கா சென்ற வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன், நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் ஆகியோருடன் இந்த லேசரால் பிளாஸ்டிக்கைச் செதுக்கிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக்கும் சங்கிலி மூலக்கூறு, புரதமும் சங்கிலி மூலக்கூறு; ஆகவே திசுவையும் செதுக்குமா என்ற கேள்வி எழுந்தது. 1981 நவம்பர் 27, அமெரிக்கர்களின் நன்றி நவிலல் விருந்துக்கு மறுநாள். விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் சீனிவாசன் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். 193 நானோமீட்டர் கதிர் பட்ட இடத்தில் கூரான விளிம்போடு பள்ளம் விழுந்தது. பக்கத்துத் திசு கருகவில்லை. ஒப்பிடுவதற்காக அடித்த பச்சை லேசர் பட்ட இடம் கருகிப்போயிருந்தது.

கருகாததற்குக் காரணம் எளிது. 193 நானோமீட்டர் ஒளித்துகள் ஒவ்வொன்றும் 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. புரதச் சங்கிலியின் பிணைப்புகளை அறுக்கத் தேவையானதைவிட இது அதிகம். ஆகவே திசு வெந்து ஆவியாவதில்லை. பிணைப்புகள் நேரடியாக அறுந்து துணுக்குகள் பறந்துவிடுகின்றன, வெப்பமும் அவற்றோடு போய்விடுகிறது. ஒரு துடிப்பு நீக்கும் தடிமன் ஏறக்குறைய கால் மைக்ரான். எந்தக் கத்தியாலும் எட்ட முடியாத நுணுக்கம் இது.

1983-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோகெல், சீனிவாசனோடும் போடில் ப்ரேரனோடும் சேர்ந்து மாட்டுக் கண்களில் இதைச் செய்து பார்த்து வெளியிட்டார். 1985-இல் பெர்லினில் தியோ சைலர் மனிதக் கண்ணில் பயன்படுத்தினார். கண்ணாடி கழற்றும் தொழிலாக இது உலகமெங்கும் விரிந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எக்ஸைமர் லேசரைக் கண்ணுக்கு முதலில் அனுமதித்தது நோய் நீக்குவதற்காகத்தான், 1995 மார்ச்சில். பி.டி.கே. என்று சுருக்கி அழைக்கப்படும் சிகிச்சை அது. கண்ணாடி கழற்றும் பி.ஆர்.கே.வுக்கு அனுமதி அதே ஆண்டு அக்டோபரில்தான் வந்தது. மருத்துவமாகப் பிறந்து, வசதியாகப் புகழ் பெற்ற கருவி. இன்று லேசர் மையங்களின் விளம்பரப் பலகைகளில் பி.டி.கே. என்ற எழுத்துக்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதே இயந்திரம், அதே கதிர். தேவைப்படுபவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பது வருத்தமளிக்கிறது.

சிகிச்சை எப்படி நடக்கிறது? கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து போதும், ஊசி தேவையில்லை. மேற்படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு லேசர் அடிக்கலாம், அல்லது லேசராலேயே அதையும் நீக்கலாம். மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கும் கண்ணில் இரண்டாவது வழியே நல்லது, ஏனெனில் மேற்படலம் பள்ளத்தில் தடித்தும் மேட்டில் மெலிந்தும் வளர்ந்து தானே ஓரளவு சமன் செய்து வைத்திருக்கும். லேசர் படும்போது மேற்படலம் மெல்லிய நீல ஒளி வீசும். அது மறைந்து இருட்டும் இடத்தில் நடுப்படலம் வந்துவிட்டது என்று மருத்துவர் அறிவார்.

இந்தச் சிகிச்சையின் திறமை முழுவதும் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. லேசர் எல்லா இடத்திலும் ஒரே அளவுதான் வெட்டும். மேடும் பள்ளமுமான பரப்பில் ஒரே அளவு வெட்டினால் அதே மேடும் பள்ளமும் சற்றுக் கீழே போய் நிற்கும். வயலைச் சமப்படுத்தும் உழவர் முதலில் தண்ணீர் கட்டி, நீருக்கு மேலே தலைகாட்டும் மேட்டை மட்டும் வெட்டுவார் அல்லவா? அதைத்தான் இங்கும் செய்கிறார்கள். மீதைல்செல்லுலோஸ் அல்லது ஹயலூரோனிக் அமிலக் கரைசலைக் கருவிழி மேல் தடவினால் அது பள்ளங்களில் தேங்கிக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே நீட்டிய மேடுகள் மட்டும் வெட்டுப்படும். கொஞ்சம் வெட்டி, நிறுத்தி, பார்த்து, கரைசலைத் துடைத்து, மறுபடி பூசி, மறுபடி வெட்டுவது என்று இது நீளும். கணினி சொல்லும் எண்ணை வைத்துப் பொத்தானை அழுத்தும் கண்ணாடி கழற்றும் சிகிச்சையிலிருந்து பி.டி.கே. பிரிவது இங்கேதான். இது கைத்தொழில். செய்பவரின் அனுபவம் பலனில் நேரடியாகத் தெரியும்.

முடிந்ததும் மேலே ஒரு மென்மையான காண்டாக்ட் லென்ஸைக் கட்டாகப் போட்டுவிடுவார்கள். மேற்படலம் மூடும்வரை மூன்று நான்கு நாட்கள் நல்ல வலி, கூச்சம், நீர் வடிதல் இருக்கும். இதை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் ஏதோ தவறாகிவிட்டது என்று இரவெல்லாம் பயந்து கிடப்பார்கள்.

நூறு மைக்ரான் என்ற எல்லை எங்கிருந்து வந்தது? மங்கல் கருவிழியின் முதல் 100 மைக்ரானுக்குள், நடுப்படலத்தைப் பொறுத்தவரை மேல் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் பி.டி.கே. பொருந்தும் என்பது பொதுவான வரம்பு. அதற்கும் கீழே வெட்டிக்கொண்டு போனால் மூன்று சிக்கல்கள். மெலிந்த கருவிழி உள்ளழுத்தத்தைத் தாங்காமல் முன்னே புடைக்கலாம். குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும், பல மருத்துவர்கள் அதைவிட அதிகம் விட்டுவைக்கிறார்கள். இரண்டாவது, வெட்டுக் காயத்துக்குப் பதிலாக உடல் புதிய தழும்பை உருவாக்கலாம். மங்கலை எடுக்கப்போய் வேறொரு மங்கல் வரும். மைட்டோமைசின் என்ற மருந்தை 0.02 சதவீதக் கரைசலாகச் சில விநாடிகள் தடவி எடுப்பது இதைப் பெரிதும் குறைத்திருக்கிறது. மூன்றாவது சிக்கல் பார்வை அளவு மாறுவது. கண்ணின் ஒளிவிலக்குத் திறன் சுமார் 60 டயாப்டர் என்றால் அதில் 43 அளவு கருவிழியின் வளைவிலிருந்து வருகிறது. நடுவில் வெட்டினால் அந்த வளைவு தட்டையாகிக் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கத் தடித்த கண்ணாடி தேவைப்படும். ஆழம் கூடக் கூட இதுவும் கூடும். ஏற்கெனவே கிட்டப்பார்வைக்காரராக இருப்பவருக்கு இது அதிர்ஷ்டமாக முடிவதும் உண்டு. கண்புரையும் மேற்பரப்பு மங்கலும் சேர்ந்திருக்கும் முதியவருக்கு முதலில் பி.டி.கே. செய்து, வளைவு நிலைத்த பிறகு லென்ஸின் அளவைக் கணக்கிட்டுப் புரை எடுப்பதே முறை. வரிசை மாறினால் உள்ளே வைத்த லென்ஸின் கணக்கு தவறிப்போகும்.

முன்பெல்லாம் ஆழத்தை ஸ்லிட் லேம்பில் கண் மதிப்பாகச் சொன்னார்கள். இப்போது முன்கண் ஓ.சி.டி. படம் மைக்ரான் கணக்கில் காட்டிவிடுகிறது. அந்தப் படம் எடுக்காமல் கருவிழித் தழும்புக்கு லேசர் செய்யலாம் என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்தைக் கேட்பது நல்லது.

இந்தச் சிகிச்சை மிகவும் பலன் தருவது யாருக்கு என்றால், விந்தையாக, மங்கல் அதிகம் இல்லாத ஒரு கூட்டத்துக்கு. குழந்தையின் நகமோ காகித ஓரமோ கீறிய கண் ஆறிவிட்டதாகத் தோன்றும். பிறகு மாதங்கள் கழித்து அதிகாலையில் கண் விழிக்கும்போது இமையோடு மேற்படலமும் ஒட்டிக்கொண்டு உரியும். வலியில் துடித்து எழுவார்கள். இந்தத் திரும்பத் திரும்ப உரியும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் களிம்பும் காண்டாக்ட் லென்ஸும் கைவிட்ட நிலையில், பௌமன் அடுக்கில் சில மைக்ரான் லேசர் போதும். புதிய மேற்படலம் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். பெரும்பாலோருக்கு அதோடு தொல்லை தீர்கிறது.

அடுத்தது பரம்பரைக் கருவிழிச் சிதைவுகள். துகள் வகை, வலைப்பின்னல் வகை, ரைஸ்-பக்லர்ஸ் வகை ஆகியவை ஐந்தாவது குரோமோசோமில் உள்ள டி.ஜி.எஃப்.பி.ஐ. என்ற ஒரே மரபணுவின் வெவ்வேறு பிழைகளால் வருகின்றன என்று 1997-இல் தெரியவந்தது. படிவுகள் மேலடுக்கில் நிற்கும் காலத்தில் பி.டி.கே. நல்ல பார்வை தருகிறது. ஆனால் மரபணு மாறாததால் படிவு திரும்பும். ரைஸ்-பக்லர்ஸில் விரைவாக, துகள் வகையில் பல ஆண்டுகள் கழித்து. திரும்பினால் மறுபடி செய்யலாம், கருவிழி தடிமன் இடம் கொடுக்கும்வரை. இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. முப்பது வயதில் செய்ய வேண்டியிருந்த கருவிழி மாற்றை நாற்பத்தைந்துக்குத் தள்ளிவைப்பது ஒருவரின் வேலைக்காலத்தை மீட்டுக்கொடுப்பது. மாற்றிவைத்த கருவிழியிலும் இதே படிவு வரக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த அவெலினோ சிதைவு பற்றி ஓர் எச்சரிக்கை. இத்தாலியின் அவெலினோ பகுதிக் குடும்பங்களால் பெயர் பெற்றாலும் கொரியாவிலும் ஜப்பானிலும் அதிகம் காணப்படுவது இது. தொடக்கத்தில் சில வெள்ளைப் புள்ளிகளே இருக்கும். அந்தக் கண்ணில் கண்ணாடி கழற்ற லேசிக் செய்தால் மடல் வெட்டிய தளத்தில் படிவு பெருகிப் பார்வை மோசமாகும். மங்கலை நீக்கும் அதே ஒளி, இந்த மரபணுப் பிழை உள்ளவரிடம் மங்கலை வரவழைக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது கருவிழிச் சிதைவு இருந்தால் லேசிக்குக்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

தென்னிந்தியாவுக்கு நெருக்கமானது மேக்குலர் வகைச் சிதைவு. பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால்தான் இது தோன்றும். எனவே உறவுக்குள் மணம் முடிக்கும் சமூகங்களில் அதிகம் தெரிகிறது. காரணமான சி.எச்.எஸ்.டி.6 மரபணு 2000-இல் அடையாளம் காணப்பட்டது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவன ஆய்வாளர்கள் தென்னிந்தியக் குடும்பங்களில் அதன் பல பிழைகளைக் கண்டறிந்தார்கள். பள்ளி வயதிலேயே தொடங்கி இருபதுகளிலும் முப்பதுகளிலும் பார்வையைப் பறிக்கும் இந்நோய் மேலடுக்கிலிருந்து உட்படலம் வரை பரவுகிறது. பி.டி.கே. செய்தால் கூச்சமும் உரிதலும் குறையும், சிலருக்குச் சில ஆண்டுகள் தெளிவு கிடைக்கும். அதற்கு மேல் வாக்குறுதி கொடுப்பது நியாயமாகாது.

கால்சியம் படிந்த பட்டை மங்கலில் முதல் மருந்து லேசர் அல்ல. ஈ.டி.டி.ஏ. கரைசல் கால்சியத்தைக் கரைத்துவிடும்; மிஞ்சும் சொரசொரப்பைச் சமப்படுத்த வேண்டுமானால் லேசர் வரலாம். சால்ஸ்மன் முடிச்சுகளையும் முதலில் கையால் உரித்தெடுத்துவிட்டே லேசர். மெட்ராஸ் ஐ என்று நாம் அழைக்கும் அடினோவைரஸ் அழற்சிக்குப் பின் சிலருக்குக் கருவிழியில் காசு காசாக வெள்ளைத் திட்டுகள் தங்கிவிடும். பெரும்பாலும் அவை மாதங்களில் தாமாக மறையும், மருத்துவர் கண்காணிப்பில் ஸ்டீராய்டு சொட்டும் உதவும். ஆண்டுக்கணக்கில் நின்று பார்வையைக் கெடுக்கும் ஒருசிலருக்கு மட்டுமே பி.டி.கே. பற்றி யோசிக்கலாம்.

இனி நம் ஊரின் பெரிய கூட்டம்: கருவிழிப் புண் ஆறி விழுந்த தழும்புகள். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று 1996-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் கண்ட அளவைப்போல் இது பத்து மடங்கு. 1994-இல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணில் அடிபட்டதாகச் சொன்னார்கள். கிருமி வளர்ந்தவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் சரிபாதி. பூஞ்சையில் முதலிடம் மண்ணிலும் பயிரிலும் வாழும் ஃபியூசேரியத்துக்கு. பூஞ்சை மேலோடு நிற்பதில்லை. நடுப்படலத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அது விட்டுச்செல்லும் தழும்பு பல நேரம் பாதி ஆழத்துக்கும் மேல். அங்கே நூறு மைக்ரான் கணக்கு செல்லாது. லேசரைக் கேட்டு வரும் விவசாயத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் லேசர் இல்லை என்ற பதில் கிடைப்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் பதில் அதோடு முடிய வேண்டியதில்லை. தழும்பு இருக்கும் கண்ணில் பார்வையைக் கெடுப்பது வெள்ளை மட்டும் அல்ல. தழும்பு இழுத்துக் கோணலாக்கிய மேற்பரப்பும்தான். பல கண்களில் கோணலே பெரிய குற்றவாளி. கண்டுபிடிக்கும் வழி மிகச் சுலபம்: கடினமான காண்டாக்ட் லென்ஸ் ஒன்றை வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்ல வேண்டும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே கண்ணீர் நிரம்பிக் கோணலை மறைத்துவிடும். நான்கு வரி கூடுதலாகப் படித்தால் அந்தக் கண்ணுக்கு லேசரும் வேண்டாம், மாற்றுக் கருவிழியும் வேண்டாம், லென்ஸ் போதும். வெண்விழி மேல் உட்காரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ்கள் வந்த பிறகு இது இன்னும் பலருக்குச் சாத்தியமாகியிருக்கிறது. இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் எந்தத் தழும்புக்கும் அறுவை பேசக்கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். தூசியிலும் வெயிலிலும் வேலை செய்பவர் தினமும் லென்ஸைக் கழுவிப் பராமரிக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. அதை அவரிடமே கேட்க வேண்டும். அவருக்காக நாம் முடிவு செய்யக்கூடாது.

பொறுமையின் பலனையும் சொல்ல வேண்டும். பாக்டீரியாப் புண்ணுக்கு ஸ்டீராய்டு சேர்ப்பது பற்றி அரவிந்த் மருத்துவமனைகளும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 500 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவுகள் 2012-இல் வந்தன. அந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, புண் ஆறிய பின்னும் பார்வை ஓராண்டு வரை மேம்பட்டுக்கொண்டே இருந்து, பிறகு நிலைத்தது. சில கண்களில் தழும்பே வெளிறிச் சுருங்கியது. அறுவை எதுவும் செய்யாமல் வந்த முன்னேற்றம் இது. புண் ஆறிய மூன்றாம் மாதத்திலேயே லேசருக்கு நாள் குறிப்பது எவ்வளவு அவசரம் என்பது இதிலிருந்து விளங்கும்.

லேசரே கூடாத கண்களும் உண்டு. கண் அக்கி எனப்படும் ஹெர்பிஸ் வந்த கருவிழியில் இந்தப் புறஊதாக் கதிர் உறங்கும் வைரஸை எழுப்பிவிடலாம். நீண்ட காலம் நோய் அடங்கியிருந்து, அசைக்ளோவிர் மாத்திரைக் காப்போடு மட்டுமே துணியலாம். கண்ணீர் வறண்ட கண், உணர்ச்சி மரத்த கருவிழி, மூடாத இமை ஆகியவற்றில் மேற்படலம் மறுபடி மூடாது. சுண்ணாம்போ அமிலமோ பட்டு ஓரத்துத் தண்டுச் செல்கள் அழிந்த கண்ணிலும் அப்படியே. அதற்கு மறு கண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்து நடும் தண்டுச் செல் சிகிச்சை இந்தியாவிலேயே வளர்ந்திருக்கிறது. உட்படலம் பழுதாகி நீர் ஏறிய கருவிழிக்கு லேசர் தெளிவு தராது. கொப்புளங்களின் வலியை மட்டும் தணிக்கும்.

ஆழ்ந்த மங்கலுக்கு இன்றும் கருவிழி மாற்றே வழி. 1905-இல் எட்வார்ட் சிர்ம் செய்த முதல் வெற்றிகரமான மாற்று முழுத் தடிமனையும் மாற்றியது. இப்போது நோயுற்ற அடுக்கை மட்டும் மாற்றுகிறார்கள்: உட்படலம் நன்றாக இருந்தால் முன்னடுக்குகள் மட்டும், உட்படலம் மட்டும் பழுதென்றால் அதன் மெல்லிய சவ்வு மட்டும். இங்கே இன்னொரு லேசர் உதவிக்கு வருகிறது. ஃபெம்டோசெகண்ட் லேசரின் கதிர் கருவிழியின் மேலடுக்கைத் தொடாமல் நினைத்த ஆழத்தில் வெட்டும். அது மங்கலைக் கரைப்பதில்லை; கொடையாளி கருவிழியையும் நோயாளியின் கருவிழியையும் ஒரே அச்சில் வெட்டிப் பொருத்த உதவும் துல்லியமான கத்தி. “லேசரில் கருவிழி மாற்று” என்று விளம்பரம் படிப்பவர்கள், அதற்கும் யாரோ ஒருவர் கொடுத்த கருவிழி வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும். 2016-இல் வெளியான உலக அளவிலான கணக்கின்படி 1.27 கோடிப் பேர் காத்திருந்தார்கள்; தேவைப்படும் 70 பேரில் ஒருவருக்கே கருவிழி கிடைத்தது. இந்தியாவின் முதல் கண் வங்கியை 1945-இல் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் முத்தையா தொடங்கிய ஊர் நம்முடையது.

மாற்று வரை போகாமல் தடுக்க வேண்டுமானால் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும்: தழும்பின் ஆழத்தைத் தீர்மானிப்பது புண் வந்த முதல் நாட்கள். நேபாளத்தின் பக்தபூரில் கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் கிராமத் தொண்டர்கள் களிம்பு கொடுத்த ஆய்வு 2001-இல் வெளியானது. 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிய எவருக்கும் புண் வரவில்லை. பின்னர் நேபாளத்திலேயே ஊர்களைப் பிரித்து ஒப்பிட்டு நடத்தி 2022-இல் வெளியான பெரிய சோதனையில் இந்தத் திட்டம் உள்ள ஊர்களிலும் இல்லாத ஊர்களிலும் புண்ணின் அளவு ஒன்றாகவே இருந்தது. ஆகவே களிம்பு கொடுத்தால் போதும் என்று இன்று சொல்ல முடியாது. புண் வந்துவிட்டால் எது சரியான மருந்து என்பதில் தெளிவு கூடியிருக்கிறது. 2013-இல் வெளியான அரவிந்த் மருத்துவமனைச் சோதனையில் 323 பூஞ்சைப் புண் நோயாளிகளிடம் பழைய நாட்டாமைசின் சொட்டு, விலையுயர்ந்த வோரிகோனசோலைவிட நன்றாக வேலை செய்தது, குறிப்பாக ஃபியூசேரியத்தில். 2017-இல் உலகச் சுகாதார நிறுவனம் நாட்டாமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இதற்கு நேர் எதிராக நடப்பதும் தெரிந்ததே. கரும்புத் தோகை கண்ணில் அடித்தவர் தாய்ப்பாலையோ இலைச் சாற்றையோ விட்டுப் பார்க்கிறார். சிவப்பு குறையவில்லை என்றால் மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு வாங்குகிறார். அதில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டு நாள் வலி குறையும், பூஞ்சை அடியில் பரவும். புண்ணின் விளிம்பைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டி நுண்நோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை அன்றே தெரிந்துவிடும். சில நிமிட வேலை, செலவும் சொற்பம். வட்டார மருத்துவமனைகளில் ஒரு நுண்நோக்கியும் அதைப் பார்க்கப் பழகிய ஒரு தொழில்நுட்பரும், அலமாரியில் நாட்டாமைசினும் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை அல்ல.